கிணற்றுக்குக் கட்டம் இல்லை

ஏப்ரல் 7, திங்கள்

இன்றைக்கு போர் குழாயில் மீட்டர் மாட்டினார்கள். கூடவே எனக்கு இந்த டைரி. புது வருடத்துக்கு லாரி டிரைவர்களுக்குக்கூடக் கொடுத்தார்கள். பதினோரு வருடமாக வேலை செய்கிற எனக்குக் கொடுக்கவில்லை. இப்போது மீந்து கிடந்ததைத் தூசி தட்டித் தருகிறார்கள்.

தந்தவள் ஜெபஷீலா. நாகர்கோயில் பக்கத்துப் பெண், கம்பெனிக்கு ஆடிட் தாள் தயார் பண்ணக் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருக்கிறாள். "பாட்டி, தெனமும் காலைல எட்டு மணிக்கு மீட்டர் நம்பர இதுல எழுதணும், கேட்டியளா?" என்றாள். பாட்டியாம். எனக்குப் பேத்தி இருப்பது உண்மைதான். அதை இருபத்தெட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கம்பெனி, தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் உதிர்கிற தூளை வாங்குகிறது. களத்தில் பரப்பி, நாள் கணக்கில் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி ஹாலந்துக்கு அனுப்புகிறது. அங்கே மண்ணுக்குப் பதிலாக இதில் தக்காளி போடுகிறார்களாம். உப்புப் போயிற்றா என்று பார்ப்பது என் வேலை. பேனா மாதிரி ஒரு கருவி, ஈசி பேனா. கழுவின தண்ணீரில் முக்கினால் நம்பர் காட்டும். அரைக்குக் கீழே வந்தால் தூள் கப்பலேறலாம்.

இப்போது ஹாலந்துக்காரர்களுக்கு இன்னொன்று தெரிய வேண்டுமாம். நாங்கள் பூமியை, தண்ணீரை, ஆட்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று. நூற்றுக்கு மார்க். எழுபதுக்குக் கீழே போனால் ஆர்டர் கிடையாது. அதற்கு எல்லாவற்றையும் அளக்க வேண்டும்: தண்ணீர், கரண்டு, டீசல், முகமூடி.

எழுத ஆள் தேடியபோது மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி, இவளுக்கு எதுவும் மறக்காது என்று என்னைக் கை காட்டினான். மோட்டார் எரிந்த மூன்று தேதியையும் நான் பார்க்காமல் சொன்னேன். அதில் ஒன்று அவன் தப்பால் எரிந்தது. அதையும் சொன்னேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மீட்டர் 000061. அஞ்சாம் கிளாஸ் படித்தவளுக்கு எதற்கு இத்தனை சைபர்?

ஏப்ரல் 10, வியாழன்

மீட்டர் 000187.

ஜெபஷீலாவின் தாளில் தண்ணீருக்கு மூன்று கட்டம். உள்ளே வந்தது. திரும்பப் பயன்பட்டது. வெளியே போனது.

"வெளிய போனது சைபர்னு போடுங்க," என்றான் ஈஸ்வரமூர்த்தி. "மதிலுக்கு அக்கட்ட ஒரு பைப்பு போகுதா? நீங்களே போய்ப் பாருங்க."

பைப் எதுவும் போகவில்லை என்பது உண்மை. களத்தில் சிமெண்ட் கிடையாது, வெறும் மண். விடுகிற தண்ணீரெல்லாம் டீ டிகாஷன் நிறத்தில் வடிந்து தெற்கு ஓரக் குழியில் சேரும். சாயங்காலம் பார்த்தால் குழி காலியாக இருக்கும்.

"அந்தக் குழித் தண்ணி எங்கதாங்க போகுது?" என்று கேட்டேன்.

"பூமிக்குள்ள போகுது."

"அதுக்குக் கட்டம்?"

"பாவாத்தா, நம்பர் எழுதச் சொன்னா நம்பர் எழுது. கேள்வி எழுத வேற ஆள் வெச்சிருக்குது."

ஜெபஷீலா சைபர் போடவில்லை. பென்சிலில் ஒரு கோடு போட்டு வைத்தாள். மத்தியானம் தனியாக வந்து, தெற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டாள்.

"தோட்டம்," என்றேன்.

"யாரோடது?"

"யாருதோ."

என் அப்பன் தோட்டம். இப்போது என் தம்பி பெண்டாட்டி மயிலாத்தாளும் அவள் மகனும் இருக்கிறார்கள். தம்பி போய் ஆறு வருடம். அவளோடு எனக்குப் பேச்சு நின்று பத்தொன்பது வருடம். என் வீட்டுக்காரர் காரியத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சீலை வர வேண்டும். வந்தது. விரித்தால் உள்மடிப்பில் மஞ்சள் கறை. ஒரு தடவை கட்டித் துவைத்து மடித்த சீலை. ஊரே பார்த்தது. இதை ஜெபஷீலாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. கம்பெனி லீவு. மீட்டர் எழுதவில்லை, சாமிக்கு எதற்கு மீட்டர்.

மாரியம்மன் கோயிலில் மயிலாத்தாள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கம். இளைத்திருக்கிறாள். அவள் மகன் சுரேந்திரன் மட்டும் என்னிடம் வந்து, "அத்தை, நல்லா இருக்கறீங்களா?" என்றான். முப்பத்து நாலு வயது. ஒன்பது ஜாதகம் பார்த்தாகிவிட்டது. தோட்டக்காரனுக்கு இப்போது யார் பெண் தருகிறார்கள்? பத்தாவதாக காங்கேயம் பக்கம் ஒரு இடம் கூடி வருகிறதாம்.

இரண்டு தேங்காய் கொடுத்தான். உரித்தால் உள்ளே எலுமிச்சம்பழம் அளவு. எங்கள் தோட்டத்துத் தேங்காயா இது?

ஏப்ரல் 22, செவ்வாய்

மீட்டர் 000914.

மத்தியானச் சோற்றுக்கு நான் எப்போதும் தெற்கு மதிலோரம்தான் உட்காருவேன். நிழலுக்காக. அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் ஓடி வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. மதில் இடிந்த இடத்தில் கையை விட்டால் வாய்க்கால் எட்டும். பேனாவைக் கழுவலாம் என்று முக்கினேன். அவ்வளவுதான்.

4.1.

பேனா கெட்டுவிட்டது என்று நினைத்து, ஊருக்கெல்லாம் குடிக்க வருகிற ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் முக்கினேன். 0.2. திரும்ப வாய்க்கால். 4.1. கழுவாத தூளில் வடிகிற முதல் தண்ணீர்கூட ஐந்துதான்.

அந்தக் கிணறு வெட்டும்போது எனக்கு ஏழு வயது. முப்பத்தெட்டாவது அடியில் ஊற்று வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. அப்பன் முதல் போசித் தண்ணீரை எனக்குத்தான் தந்தார். தம்பி அப்போது தொட்டிலில். மயிலாத்தாள் எந்த ஊரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாளோ. அவளுக்காக நான் இதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஜெபஷீலாவிடம் சொன்னேன். தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நாற்பது பக்கம். முகமூடிக்குக் கட்டம் உண்டு. கக்கூஸில் சோப்பு இருக்கிறதா என்பதற்குக் கட்டம் உண்டு. கிணற்றுக்குக் கட்டம் இல்லை.

"மதிலுக்கு உள்ள நடக்கதத்தான் இது அளக்கும், பாட்டி."

"மதில் கட்டறதுக்கு முன்னால இருந்தே அந்தக் கெணறு இருக்குது, அம்மிணி."

தாளை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு சம்பளம் தாறது இந்தக் கம்பெனிதான். நான் தண்ணி எடுத்தா செல்லாது. ஆனா ஆடிட்டர் வாற அன்னைக்கு, பக்கத்துக் கெணத்தையும் பாக்கணும்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி எழுதி விடலாம். அவரே எடுத்து உப்புன்னு வந்துட்டா, களத்துக்குக் காங்கிரீட் போடாம மார்க் கெடைக்காது."

"எப்பப் போடுவாங்க?"

"ஜூன் மழைக்கு முந்தி போட்டாகணும். இல்லைன்னா களத்துல கெடக்க எல்லா உப்பையும் மழையே கொண்டு கெணத்துல விட்டுரும்."

அந்த ஒரு வரியை எழுதிவிட்டாள். ஈஸ்வரமூர்த்தி பார்த்துவிட்டு டீ கிளாஸைத் தள்ளிவிட்டான். தானாக விழுந்தது என்றான்.

மே 6, செவ்வாய்

மீட்டர் 001702. முழங்கால் வலி. கடையில் துவரம் பருப்பு இல்லை.

காங்கேயத்துக்காரர்கள் நேற்று வந்து தோட்டம் பார்த்தார்களாம். பூக்காரி சொன்னாள். தென்னை எத்தனை என்று கேட்டுவிட்டு, தண்ணீர் எப்படி என்றார்களாம். மயிலாத்தாள், "கல்கண்டாட்ட இருக்குமுங்க" என்றாளாம்.

கல்கண்டாம். சொல்லும்போது அவள் நாக்கில் என்ன கரித்ததோ.

மே 15, வியாழன்

மீட்டர் 002166. இன்றைக்குத்தான் ஆடிட்.

சென்னையிலிருந்து ஆடிட்டர். கூடவே ஹாலந்துக்கார அம்மா ஒருத்தி, வாசல் நிலையில் குனிந்து வருகிற உயரம். காலை முழுக்க முகமூடி, சோப்பு, தீயணைக்கிற சிலிண்டர். எல்லாருக்கும் புது கையுறை. சைஸ் பெரிது, சோறு உருட்ட முடியாத பூதம் மாதிரி நின்றோம்.

மத்தியானம் அந்தக் கடைசி வரி வந்தது. "பக்கத்துக் கிணறு?" என்றார் ஆடிட்டர். ஈஸ்வரமூர்த்தி சிரித்த முகமாக, "வாங்க சார், நம்ம ஆளே பேனாவோட வரும்," என்று என்னையும் கூட்டிக்கொண்டான்.

பத்தொன்பது வருடம் கழித்து அந்த வாசலை மிதித்தேன். கம்பெனிச் செருப்போடு.

நடையில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜரிகைத் துண்டு. மடியில் மஞ்சள் பை. பெண்ணின் தாய்மாமன் என்று சொல்லாமலே தெரிந்தது. நாள் குறிக்க வந்திருக்கிறார்.

"வாங்க, வாங்கொ," என்றாள் மயிலாத்தாள். எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

ஆடிட்டர், "அம்மா, உங்க கிணத்துத் தண்ணி கொஞ்சம் டெஸ்டுக்கு வேணும்," என்றார்.

தாய்மாமன் நிமிர்ந்தார். "டெஸ்டா? எதுக்குங்க, தண்ணிக்கு ஏதாச்சும் கோளாறுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா," என்றாள் மயிலாத்தாள், ஒரே மூச்சில். "கரண்டு இல்லீங்க சார், மோட்டார் ஓடாது. வெடியாலதான் கெணத்துத் தண்ணி எறைச்சுக் கொடத்துல வெச்சேன். இருங்க." உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்த்த சொம்பு, கண்ணாடி மாதிரி. ஹாலந்துக்கார அம்மா அதைப் போட்டோ எடுத்தாள்.

ஆடிட்டர் பாட்டிலில் ஊற்றினார். "ஒரு தடவை நீங்களும் பாருங்கம்மா," என்று என்னிடம் சொம்பை நீட்டினார்.

முக்கினேன். 0.2.

ஆற்றுத் தண்ணீர்க் குழாய் நம்பர். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

தாய்மாமன் காதை நீட்டிக்கொண்டிருந்தார். "ஜீரோ பாயிண்ட் டூ," என்றேன். கேட்டதற்குச் சரியான பதில்.

வேண்டுமென்றுதான் சும்மா இருந்தேன். அவளே அவள் கிணற்றுக்கு மண் அள்ளிப் போட்டால் எனக்கு என்ன? கறைச் சீலை கொடுத்தவள்தானே. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மே 16, வெள்ளி

ஜெபஷீலா முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் பொறுக்காமல் வந்தாள். "நாலு புள்ளி ஒண்ணுன்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னிய? பொறவு ஏன் வாய மூடிட்டு நின்னிய?"

"சொம்புல இருந்ததச் சொன்னேன்."

"அது கெணத்துத் தண்ணி இல்லைன்னு சொல்லலாம்லா?"

"கேக்கலியே."

பெரிய படிப்புப் படித்திருக்கிறாள். ஒரு வீட்டுக்கு சம்பந்தி ஒறம்பரை வந்து உட்கார்ந்திருக்கும்போது எதைச் சொல்வது எதை விழுங்குவது என்று அந்தப் படிப்பில் இல்லை.

ராகிக் கூழ் கட்டி தட்டிவிட்டது. அப்படியே குடித்தேன்.

மே 27, செவ்வாய்

86 மார்க். லட்டு கொடுத்தார்கள். அறிக்கையில் அந்தச் சொம்பு போட்டோ முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. கீழே இங்கிலீஷில் ஏதோ. ஜெபஷீலா படித்துச் சொன்னாள்: "சுற்றுப்புற மக்களின் குடிநீர் மிகச் சிறப்பாக உள்ளது."

காங்கிரீட் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஈஸ்வரமூர்த்தி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டப் போகிறானாம். லட்டை நாய்க்குப் போட்டேன். அதுவும் முகர்ந்துவிட்டுத்தான் தின்றது.

ஜெபஷீலா வேலை முடிந்து கோயம்புத்தூர் கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். அறிக்கை தப்பு என்று யாராவது நினைத்தால் ஜூன் பதினாலுக்குள் எழுதிக் கொடுக்கலாம். தோட்டத்துக்காரர் கையெழுத்து வேண்டும். அன்றைக்குக் கூட இருந்தவர் ஒருவர் எழுத வேண்டும். "ரெண்டுமே உங்க பக்கத்துலதான் இருக்கு," என்றாள். எங்கள் உறவை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறாள்.

ஜூன் 2, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. களம் பூரா நுரை. குழி நிரம்பி மதில் அடியில் பழுப்பாகக் கசிகிறது. சாக்கை வைத்து அடைத்துப் பார்த்தேன். சாக்கு மிதந்து போயிற்று. திட்டியதில் தொண்டை கட்டிக்கொண்டது. யாரைத் திட்டினேன் என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டான். மழையை என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

சுரேந்திரன் வந்தான். பன்னிரண்டாம் தேதி நிச்சயம். "அத்தை இல்லாம தட்டு மாத்த மாட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லீட்டேன்."

"உங்கொம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

பதினாலாம் தேதி விஷயத்தை அவனிடம் சொன்னேன். தலையைத் தொங்கப் போட்டான். "தெரியுமுங்கத்தை. ஆனா இப்பக் கையெழுத்துப் போட்டா காங்கேயத்துக்குத் தெரிஞ்சுபோயிரும். அம்மா தாங்காது. கண்ணாலம் முடியட்டும்."

கல்யாணம் ஆவணியில். அதுவரை பதினாலாம் தேதி காத்திருக்குமா?

ஜூன் 12, வியாழன்

நிச்சயத்துக்குப் போனேன். தம்பி மகனுக்காக.

இருபத்தைந்து பேர் பந்தி. மயிலாத்தாளே சமையல், சமையல்காரன் வைத்தால் எந்தத் தண்ணீர் என்று கேட்பானே. இரண்டு நாளாகக் குழாய்த் தண்ணீர் பிடித்து அண்டா அண்டாவாக மூடி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாதா?

முதல் வாய் சாம்பாரிலேயே கையை எடுத்துவிட்டேன். உப்பே இல்லை. பொரியலில் இல்லை. ரசத்தில் இல்லை. சோறு வைக்கோல். பந்தியில் யாரும் வாய் திறக்கவில்லை. இலையோரம் வைத்த உப்பு மட்டும் எல்லா இலையிலும் காலி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடமாகச் சமைக்கிறவள்!

பெண்ணின் அம்மா உப்பு கேட்டாள். இன்னொரு தரமும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. மயிலாத்தாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவுகிற இடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அந்த அம்மா மெதுவாக, "எத்தன வருசமாச்சுங்க தண்ணி கெட்டு?" என்றாள்.

மயிலாத்தாள் சொம்பைக் கீழே வைத்தாள். "என்னங்க சொல்றீங்க? எங்க தண்ணி..."

"உப்புத் தண்ணில சமைச்ச கைக்கு உப்புப் போட மறந்துபோயிருமுங்க. என்ற கையும் இப்பிடித்தான். உங்க ஊட்டு ஆளுங்க மொத நாளு வந்தப்ப, கேன் தண்ணி வாங்கிச் சமைச்சேன். யாருமே ரசம் ரெண்டாவதா வாங்கல, பாத்தீங்களா? எங்க பக்கம் சாயப்பட்டறைங்க. ஆறு வருசமாச்சு."

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. "மூணு வருசமுங்க," என்றாள்.

அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ற புள்ளை உப்புத் தண்ணில வளந்தவதான். அதுக்காக இங்கயும் வந்து அதையே குடிக்கோணுமா? ஏதாச்சும் பண்றதுன்னாப் பண்ணுங்க. மாமங்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்று சொல்லிவிட்டுத் தாம்பூலம் வாங்கப் போனாள்.

நாங்கள் இரண்டு பேர் நின்றோம். அவள் மூக்கைச் சிந்தினாள். நான் செருப்பைத் தேடினேன்.

ஜூன் 13, வெள்ளி

சுரேந்திரன் கையெழுத்துப் போட்டான். நான் எழுதினேன்: "மே 15 அன்று நான் பேனா முக்கிப் பார்த்தது ஆற்றுக் குழாய்த் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் அல்ல. தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். இப்படிக்கு, பாவாத்தாள்."

சொம்பில் ஊற்றியது யார் என்று எழுதவில்லை. தாளில் இடம் போதவில்லை.

ஜூன் 16, திங்கள்

மீட்டர் 003390. என் கடைசி நம்பர்.

"பதினோரு வருசம் சோறு போட்ட கம்பெனி," என்றான் ஈஸ்வரமூர்த்தி.

"சோறு நாந்தான் தூக்குப் போசில கொண்டாந்தேன். நீ என்னத்தப் போட்ட?"

பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டான். டைரியைக் கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு.

ஜூன் 25, புதன்

ஆடிட்டர் மறுபடி வந்தார். இந்த முறை அவரே கிணற்றில் வாளி விட்டு இழுத்தார், சென்னைக் கை, இரண்டு தரம் வாளி கவிழ்ந்தது. அவர் பேனாவில் 4.6. மூன்று பாட்டிலில் அடைத்து அரக்கு வைத்தார்.

ஈஸ்வரமூர்த்தி விடவில்லை. "சார், இது மூட்ட உப்பக் கொட்டின தண்ணி. அன்னைக்கு சுத்தமா இருந்தது இன்னைக்கு எப்படிக் கெட்டுச்சு? கடுதாசி எழுதினது இந்த ஊட்டுக்குப் பொறந்த பொம்பளை. ஆள் சேந்து பேசி வெச்சிருக்காங்க."

ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு நாத்தனாரா? முதல்ல ஏன் சொல்லலை? நெருங்கின உறவுன்னா உங்க சாட்சியை நான் எடுத்துக்க முடியாது."

கிணற்றையும் காட்டியாயிற்று, வேலையையும் விட்டாயிற்று, இப்போது பிறந்ததே குற்றமா?

மயிலாத்தாள் முன்னால் வந்தாள்.

"ஒறவுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க! இவிக எங்கூட்டுப் பச்சத் தண்ணி குடிச்சுப் பத்தொம்பது வருசமாச்சுங்க. என்ற ஊட்டுக்காரரு செத்ததுக்குக்கூட வாசப்படிக்கு அக்கட்ட நின்னு அழுதுட்டுப் போனவிக. எனக்காகப் பொய் சொல்றதுன்னா நாக்கப் புடுங்கிட்டுச் சாவாங்க. ஊருக்குள்ள யார வேணாலும் கேளுங்க!"

கேட்டார். பூக்காரியைக் கேட்டார், டீக்கடையில் கேட்டார், கோயில் பூசாரியைக் கேட்டார். எல்லாரும் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். பூசாரி நான் எந்தத் தூணுக்கு எந்தப் பக்கம் நிற்பேன் என்பது வரைக்கும் சொன்னான். ஒருவனாவது குறைத்துச் சொல்ல வேண்டுமே!

ஆடிட்டர் எழுதிக்கொண்டார்: "நீண்ட காலப் பகை உறுதி செய்யப்பட்டது. சாட்சியம் ஏற்கத்தக்கது." களத்தில் தூள் கழுவுவதை ஆய்வு முடியும்வரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். முடிவு வர ஒரு மாதமாம்.

போகும்போது சுரேந்திரனிடம் தனியாகச் சொன்னாராம்: அதுவரை அவன் அம்மாவும் நானும் சேர்ந்து நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. கம்பெனி போட்டோ எடுத்து அனுப்பினால் எல்லாம் போச்சு.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் அந்தப் பக்கம். ஈஸ்வரமூர்த்தி ஆள் ஒருவன் செல்போனை வைத்துக்கொண்டு தேர்முட்டியில் உட்கார்ந்திருந்தான்.

அவள் திருநீறு வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது லேசாக இருமினாள். நானும் இருமினேன். அவ்வளவுதான் பேச முடிந்தது.

பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு பாரமாகவே இல்லை. இந்த நாலு நாள்தான் பொறுக்க முடியவில்லை. அவளை நிற்க வைத்துக் கேட்க வேண்டியது மட்டும் பதினேழு விஷயம் இருக்கிறது. வரிசையாக மனசில் வைத்திருக்கிறேன், ஒன்றும் மறக்காது. ஜூலை இருபத்தைந்து வரட்டும்.